‘பதேர் பாஞ்சாலி’: எந்த வட்டை வாங்குவது? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே கதை, ஒரே காட்சிகள், சுமார் 125 நிமிடம். ஆனாலும் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் பழைய டிவிடியில் பார்த்தவரும் 2015க்குப் பிறகு வந்த புளூரேயில் பார்த்தவரும் சந்தித்துப் பேசினால், வெவ்வேறு படங்களைச் சொல்கிறார்களோ என்று தோன்றும். முன்னவர் மங்கலையும் கீறலையும் பொறுத்துக்கொண்டு, “பழைய படம் அப்படித்தான் இருக்கும்” என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருப்பார். பின்னவரோ படத்தில் வரும் இந்திர் பாட்டியின் கன்னச் சுருக்கங்களில் கண்ணைப் பதித்திருப்பார்.

பழைய படம் அப்படித்தான் இருக்கும் என்பது வெறும் கட்டுக்கதை. 1955 ஆகஸ்ட்டில் கல்கத்தாவில் திரையிட்டபோது அது மங்கலாக இல்லை. சுப்ரத மித்ரா என்ற இளைஞர், திரைப்படக் கேமராவை அதற்கு முன் இயக்கியே அறியாதவர், இருபதுகளின் தொடக்கத்தில் பிடிக்கத் தொடங்கிய படம் அது. மங்கல் பின்னால், நகலுக்கு நகல் எடுத்ததில் ஏறியது. ஆகவே வட்டுகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது “எத்தனை பிக்சல்?” என்பதை அல்ல, “எந்தச் சுருளிலிருந்து எடுத்தது?” என்பதைத்தான். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: சுருளின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ்தான் மூலம். அதிலிருந்து நுண்துகள் பாசிட்டிவ் ஒன்று எடுப்பார்கள். அதிலிருந்து நகல் நெகட்டிவ். அதிலிருந்துதான் திரையரங்குக்குப் போகும் பிரிண்ட். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் படிமத்தை உருவாக்கும் துகள் தடிக்கும், நிழல் பகுதிகள் கறுத்து அடைபடும், வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப் போகும். ஓடித் தேய்ந்த பிரிண்ட் ஒன்றை எவ்வளவு உயர்ந்த ஸ்கேனரில் வைத்தாலும் தேய்மானம்தான் துல்லியமாகப் பதிவாகும்.

‘பதேர் பாஞ்சாலி’யின் மூல நெகட்டிவுக்கு நேர்ந்தது பெரிய துயரம். 1992இல் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது, விழாவில் காட்டுவதற்கு அவருடைய படங்களின் நல்ல பிரதிகள் கிடைப்பதே சிரமமாக இருந்தது. சில வாரங்களில் ராய் காலமானார். படங்களைக் காப்பாற்றும் முயற்சி தொடங்கி, அவருடைய பல படங்களின் மூல நெகட்டிவ்கள் லண்டனில் ஹெண்டர்சன் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. 1993 ஜூலையில் அந்த ஆய்வகம் தீப்பிடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’யில் தொடங்கும் அபு முப்படத் தொகுதியின் நெகட்டிவ்களும் அதில் எரிந்தன. எரிந்தது போக எஞ்சியதை யாரும் குப்பையில் போடாததுதான் அதிர்ஷ்டம். கருகி, சுருங்கி, ஒட்டிப்போன சுருள்கள் அமெரிக்காவில், ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் திரைப்படக் காப்பகத்துக்குப் போய், சுமார் இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்தன.

பிறகு, பழைய படங்களை வட்டாக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அவற்றை வெளியே எடுத்தது. இத்தாலியின் பொலோஞா நகரில் லிம்மாஜினே ரித்ரோவாதா என்ற ஆய்வகம் உண்டு. பழைய சுருள்களுக்கு உயிர் கொடுப்பதே அவர்கள் தொழில். விறைத்து நொறுங்கும் நிலையிலிருந்த சுருளை அங்கே இரசாயனக் கரைசலால் மீண்டும் ஈரப்படுத்தி வளையச் செய்தார்கள். உருகிய ஒட்டுநாடாவையும் பசையையும் கையாலேயே நீக்கினார்கள். பக்கவாட்டுத் துளைகளைச் செப்பனிட்டார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரக் கைவேலை. இவ்வளவுக்கும் பிறகு ‘பதேர் பாஞ்சாலி’யின் நெகட்டிவில் சுமார் 40 சதவீதமும், இரண்டாம் படமான ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மீண்டன. மூன்றாம் படமான ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் எஞ்சியது எதுவும் உதவவில்லை. இல்லாத பகுதிகளுக்கு வெவ்வேறு காப்பகங்களில் இருந்த நுண்துகள் பாசிட்டிவ்களையும் நகல் நெகட்டிவ்களையும் பயன்படுத்தினார்கள். 4கே தரத்தில் முடிந்த இந்த மீட்டெடுப்பு 2015 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே மே மாதம், அதே அருங்காட்சியகத்தில்தான் இந்தப் படம் முதன்முதலில் திரையிடப்பட்டது.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று கிடைக்கும் மிகச் சிறந்த வட்டிலும் எல்லாக் காட்சிகளும் ஒரே தரத்தில் இருக்காது. ஓரிடத்தில் துகள் மாவுபோல் மென்மையாக இருக்கும். அடுத்த காட்சியில் தடித்து, கறுப்பு சற்றுக் கூடுதலாகத் தெரியும். அதைக் கண்டு வட்டில் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நெகட்டிவ் முடிந்து நகல் தொடங்கும் இடம் அதுவாக இருக்கலாம்.

இரண்டாம் படி: கையில் இருப்பது எது என்று வகைப்படுத்துங்கள்

எத்தனை அட்டை வடிவங்கள் இருந்தாலும் எல்லாவற்றையும் 2015க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம்.

முன்: பிரிட்டனில் ஆர்ட்டிஃபிஷியல் ஐ 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட டிவிடி தொகுதி, அமெரிக்காவில் 2003இல் வந்த சோனி டிவிடி, இந்தியக் கடைகளில் விற்ற மலிவு டிவிடிகள், விசிடிகள். பின்: 2015 நவம்பரில் கிரைட்டீரியன் வெளியிட்ட புளூரே, டிவிடி தொகுதிகள், 2024இல் அதே நிறுவனம் கொண்டுவந்த 4கே தொகுதி.

அட்டையில் “டிஜிட்டல் முறையில் மெருகேற்றப்பட்டது” என்று அச்சிட்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் கொடுக்க வேண்டாம். எந்த ஆண்டு, எந்தச் சுருள், எந்த ஆய்வகம் என்று மூன்றும் எழுதியிருந்தால் நம்பலாம். ஒன்றுமே எழுதாத வட்டு பெரும்பாலும் ஒரு பிரிண்டிலிருந்தோ, இன்னொரு வட்டிலிருந்தோ எடுத்ததுதான். கணினியில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கோப்பைத் திறந்தால் படத்தின் அளவும் பிட்ரேட்டும் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) தெரிந்துவிடும். 720க்கு 480 என்றால் அமெரிக்க முறை டிவிடி. 720க்கு 576 என்றால் ஐரோப்பிய, இந்திய முறை டிவிடி. 1920க்கு 1080 புளூரே. 3840க்கு 2160 என்றால் 4கே. ஆனால் டிவிடியைப் பெரிதாக்கிப் புளூரே அளவில் பதிவுசெய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

மூன்றாம் படி: தொலைக்காட்சியை அடக்குங்கள்

கடையிலிருந்து வரும் தொலைக்காட்சி கிரிக்கெட் காட்டுவதற்காகத் தயாரானது. அதே அமைப்பில் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தால் எல்லா வட்டும் ஒன்றுபோலக் கெட்டுத்தான் தெரியும். படமுறையை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். ஷார்ப்னஸைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். சில தொலைக்காட்சிகளில் நடு எண்தான் சுழியம். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரைச்சல் நீக்கும் வசதி, அறை வெளிச்சத்துக்கேற்பத் தானே மாறும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனையும் அணையுங்கள்.

நிற வெப்பநிலை ‘வார்ம்’ என்றிருக்கட்டும். இல்லையேல் வெள்ளை நீலம் பூத்துத் தெரியும். பழைய டிவிடி சிலவற்றில் படமே லேசாகப் பச்சையோ பழுப்போ அடித்திருக்கும். குற்றம் வட்டிலா, தொலைக்காட்சியிலா என்று அறிய ஓர் எளிய வழி: கலர் அளவைச் சுழியமாக்கிப் பாருங்கள். சாயம் போய்விட்டால் வட்டில் பதிந்திருந்தது. அப்படியே இருந்தால் உங்கள் தொலைக்காட்சியின் அமைப்பு.

இரண்டு வட்டுகளையும் ஒரே பிளேயர், ஒரே கேபிள், ஒரே நாற்காலியிலிருந்து பாருங்கள். இருட்டறை நல்லது.

நான்காம் படி: சோதனைக் காட்சிகள்

முழுப் படத்தையும் இரண்டு முறை ஓட்டத் தேவையில்லை. குறிப்பிட்ட சில காட்சிகளே உண்மையைச் சொல்லிவிடும்.

துர்கா தன் தம்பி அபுவை எழுப்பும் காட்சியிலிருந்து தொடங்குங்கள். போர்வைக் கிழிசல் வழியாக அபுவின் ஒற்றைக் கண் திரை நிறையத் திறக்கும். நல்ல வட்டில் இமைமயிர் தனித்தனியாகவும், துணியின் நெசவு நூல் நூலாகவும் தெரியும். அவற்றின் மேல் துகள் உயிரோடு அசைந்துகொண்டிருக்கும். கெட்ட வட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். துணி மாவுப் பூச்சாகிவிடும். அல்லது இமை விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம்போல் நிற்கும். முதலாவது துகளைத் துடைத்ததன் விளைவு. இரண்டாவது செயற்கையாகக் கூர்மை ஏற்றியதன் விளைவு. துகளைத் துடைத்தால் படம் சுத்தமாகிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். படிமமே துகளால்தான் ஆனது. துகளை அழித்தால் முகமும் கூடவே அழியும்.

அடுத்தது மழைக்கு முந்தைய குளம். நீர்ப்பரப்பில் பூச்சிகள் சறுக்கி ஓடும், ரவிசங்கரின் சிதார் கூடவே ஓடும். அந்தப் பூச்சிகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். சுருளில் விழுந்த தூசியும் புள்ளிதான். தூசி நீக்கும் மென்பொருளை மனிதக் கண்காணிப்பில்லாமல் ஓடவிட்டால் இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடும். மழைக்காட்சியிலும் இதே ஆபத்துதான்: மழைத்தாரை செங்குத்துக் கோடு, சுருளின் கீறலும் செங்குத்துக் கோடு. துர்கா கூந்தலை விரித்து நனையும் காட்சியில் மழை அங்கங்கே திடீரென்று அறுபட்டுத் தெரிந்தால், அந்த வட்டைத் தயாரித்தவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள். மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவரின் வழுக்கைத் தலையில் முதல் துளி விழும் இடத்தையும் நிறுத்திப் பாருங்கள். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் துளி ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்க வேண்டும். மீட்டெடுப்பின் தரத்தை அளக்க இதைவிட நல்ல இடம் இந்தப் படத்தில் இல்லை என்பது என் கருத்து.

நாணல் வயலும் ரயிலும் எல்லோரும் ஒப்பிடும் காட்சி. ராய் படப்பிடிப்பைத் தொடங்கியதே இதில்தான், 1952 அக்டோபர் 27. அடுத்த வாரம் திரும்பிப் போனபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார். ஆகவே இந்த ஒரே காட்சிக்குள் சில ஷாட்டுகளுக்கிடையே வெளிச்சம் சற்று மாறித் தெரிந்தால் வியக்க வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு. வெள்ளைப் பூவுக்கும் வெளிர்வானத்துக்கும் நடுவே எல்லை தெரிகிறதா? வெளுத்த வட்டில் இரண்டும் கலந்து ஒரே சுண்ணாம்புச் சுவராகிவிடும். ரயிலின் கரும்புகை வானில் பரவும்போது கறுப்பிலிருந்து சாம்பலுக்குச் சீராகக் கரைகிறதா, படிக்கட்டுபோல் பட்டை பட்டையாக இறங்குகிறதா? பட்டை விழுந்தால் பிட்ரேட் பற்றாக்குறை. காற்றில் ஆயிரக்கணக்கான பூக்கள் ஒரே நேரத்தில் ஆடுவது எந்த வட்டுக்கும் கடினமான சோதனை. மலிவு டிவிடியில் அந்த இடம் சதுரச் சதுரமாக உடையும்.

இருட்டுக்கு, துர்கா காய்ச்சலில் கிடக்கும் புயல் இரவு. விளக்கு நடுங்கும், சன்னல் திரை காற்றில் உப்பும், பிள்ளையார் சிலை ஒரு கணம் தெரிந்து மறையும். அவள் அம்மா சர்பஜயாவின் சேலை மடிப்பு நிழலுக்குள்ளும் புலப்பட வேண்டும். அடைபட்ட கறுப்பு சிலருக்கு ‘பஞ்ச்’ உள்ளதுபோல் தெரியும். எனக்கு அது ஒளிப்பதிவாளரின் உழைப்பைக் கறுப்பு மையால் அடித்ததாகவே படுகிறது. மறுபுறம், எல்லாம் சாம்பலாகத் தெரிந்தாலும் தவறுதான். அந்த இரவு பயமுறுத்த வேண்டும்.

நேரமிருந்தால் அபு கழுத்துமாலையைக் குளத்தில் எறியும் இடத்தையும் பாருங்கள். பாசி விலகி, மீண்டும் மெல்ல மூடும். அது நகராமல் உறைந்து நின்று திடீரென்று துள்ளினால் வட்டில் தரவை அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: சட்டகமும் வேகமும்

படத்தின் விகிதம் 1.37:1. அகலத் தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தே ஆக வேண்டும். 1080 பிக்சல் உயரத்துக்குப் படத்தின் அகலம் 1480 அளவில் இருந்தால் சரி. திரை நிறைய வர வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டிய பதிப்பு என்றால், படத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழந்துவிட்டீர்கள். நீட்டி அகலமாக்கியிருந்தால் இந்திர் பாட்டியின் ஒட்டிய கன்னம்கூட உப்பித் தெரியும். இந்த இரண்டில் ஏதாவது ஒரு குறை உள்ள வட்டையும் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

வேகத்தைப் பலரும் கவனிப்பதில்லை. படம் நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பிய முறை டிவிடிகளில் அதை 25 ஆக ஓட்டுவது வழக்கம்; 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதுவும் வெட்டுப்படவில்லை, எல்லாம் நான்கு சதவீதம் விரைவு, அவ்வளவுதான். ஆகவே அட்டையில் நேரம் குறைவாக இருந்தால் உடனே ‘வெட்டிவிட்டார்கள்’ என்று கூச்சலிடாமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கும் மேல் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆறாம் படி: ஒலி

வேகம் கூடும்போது சுருதியும் ஏறும். தனியாகச் சரிசெய்யாத வட்டில் சிதாரின் ஆதார சுருதி கிட்டத்தட்ட முக்கால் சுரத்தானம் உயர்ந்திருக்கும். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே உறுத்தும். மற்றவர்கள் கைபேசி டியூனர் செயலியால் இரண்டு வட்டையும் ஒப்பிடலாம்.

மூலம் ஒற்றைத் தட ஒலி. அதை ஐந்து ஒலிபெருக்கிக்கு விரித்த பதிப்பு எதுவாயினும் ஒதுக்குங்கள். கேட்டுப் பார்க்க இரண்டு இடங்கள் போதும். நாணல் வயலுக்குப் போகும் வழியில் கம்பத்தில் காது வைத்துக் கேட்பார்களே, அந்த ரீங்காரம் முதலாவது. இரைச்சலை முரட்டுத்தனமாக நீக்கிய வட்டில் கம்பத்தின் ரீங்காரமும் சேர்ந்து மெலிந்துவிடும். இரண்டாவது, அப்பா ஹரிஹர் ஊர் திரும்பி, மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்துக் காட்டும் இடம். சர்பஜயாவின் அலறல் குரலாக வராது; தார் ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்ச நாதமாக வரும். அந்த நாதம் உடைந்து கரகரத்தால் அந்தக் காட்சியே பாழ். கிரைட்டீரியன் புளூரேயில் ஒலி சுருக்கப்படாத வடிவில் இருக்கிறது. பழைய டிவிடிகள் சுருக்கிய ஒலிதான். இந்த ஓர் இடத்தில் அந்த வேறுபாடு நன்றாகவே கேட்கும்.

ஏழாம் படி: சப்டைட்டில்

வங்காளம் தெரியாத நமக்கு இது சின்ன விஷயமல்ல. பழைய பிரிண்டிலிருந்து எடுத்த வட்டுகளில் ஆங்கில எழுத்து படத்திலேயே பதிந்திருக்கும்; அணைக்க முடியாது. வெள்ளைச் சேலை, வெள்ளை நாணல், வெள்ளை வானம் வரும் காட்சிகளில் அந்த வெள்ளை எழுத்து காணாமல் போகும். தனித் தடமாக, மெல்லிய கறுப்பு விளிம்போடு வரும் எழுத்துதான் நல்லது. மொழிபெயர்ப்பும் வட்டுக்கு வட்டு மாறும். பாட்டியும் துர்காவும் பேசும் ஒரு காட்சியை மட்டும் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். எத்தனை வரிகளை விட்டுத் தாண்டுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எட்டாம் படி: ஃபிரேம்களைப் பிடித்து ஒப்பிடுவது

விஎல்சி பிளேயரில் ‘ஈ’ விசை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும். ஷிப்டோடு ‘எஸ்’ அழுத்தினால் அந்த ஃபிரேம் படமாகச் சேமிக்கப்படும். பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் தன் பங்குக்குச் சதுரங்களைச் சேர்த்துவிடும். இரண்டிலும் துல்லியமாக ஒரே ஃபிரேமைப் பிடிக்க, காட்சி மாறும் வெட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். டிவிடியில் அசையும் பொருளின் விளிம்பு சீப்புப் பற்கள்போல் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கிவிட்டு மறுபடி பிடியுங்கள்.

நின்ற படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது எனக்கு உடன்பாடில்லை. துகள், நடுக்கம், வெளிச்சம் மினுங்குவது எல்லாம் ஓட்டத்தில்தான் தெரியும். கூர்மை ஏற்றிய படம் நின்றால் அழகாகவும் ஓடினால் எரிச்சலாகவும் இருக்கும்.

ஒன்பதாம் படி: வாங்குவதற்கு முன் மண்டலக் குறியீடு

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். புளூரேயில் மூன்று மண்டலங்கள்: அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. கிரைட்டீரியனின் அமெரிக்கப் புளூரே ஏ மண்டலத்துக்குப் பூட்டியது. இங்கே விற்கும் சாதாரண பிளேயரில் ஓடாது. டிவிடியிலும் அமெரிக்கா 1, இந்தியா 5. 4கே வட்டுக்கு மட்டும் மண்டலப் பூட்டே கிடையாது. அதனால் கணக்கு தலைகீழாகிறது. 43 அங்குலத் தொலைக்காட்சியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்குப் புளூரேக்கும் 4கேவுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியப்போவதில்லை. படத்தில் பாதிக்கு மேல் நகல் சுருளிலிருந்து வந்ததால் 4கே கூடுதலாகக் கொடுக்கக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. அப்படியிருந்தும் 4கே பிளேயர் வைத்திருப்பவருக்கு 4கே தொகுதியையே சொல்வேன், அது பூட்டில்லாமல் ஓடும் என்ற ஒரே காரணத்துக்காக. அந்தத் தொகுதியில் கூடவே வரும் புளூரேயில்தான் நேர்காணல்களும் மீட்டெடுப்புப் பற்றிய குறும்படமும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க மண்டலப் பூட்டில்லாத பிளேயர் தேவைப்படும்.

கையில் பழைய டிவிடி மட்டும் இருந்து, பணம் செலவழிக்க மனமில்லை என்றால் அதையே வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு சுப்ரத மித்ராவின் ஒளிப்பதிவைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லாதீர்கள்.

வட்டு வந்து சேர்ந்ததும் உறையைப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். அன்றே தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றையும் ஓட்டிவிடுங்கள். கோளாறுள்ள வட்டுகள் பெரும்பாலும் வெளிவிளிம்பில்தான் திக்கும்; ஓரடுக்கு வட்டில் அது படத்தின் முடிவுப் பகுதி, ஈரடுக்கு வட்டில் நடுப்பகுதி. பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அதைக் கண்டுபிடிப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டிருக்கும்.